ஈரம் காயாத கதவு

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனாலும் இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ஓசூர் தொழிற்பேட்டையில் ஃபைபர் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க என்னை மிஞ்ச ஆளில்லை. தின்னர் போட்டுத் துடைத்து, அடிப்பூச்சாகப் பிரைமர் கொடுத்து, நான் அடித்தால் கண்ணாடி மாதிரி மின்னும்.

அன்று ஒரு கம்பெனியின் சாமான் அறைக்கு வெளிக்கதவு. அறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே என் மனைவி லட்சுமி, தரையில் சிந்திய பெயிண்டைத் தின்னரால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கடைசிப் பூச்சை முடித்த நேரம் லாரிகள் புழுதி கிளப்பின. உள்ளே சாமான்மேல் படியுமே என்று, காய்வதற்குள் கதவைச் சாத்தினேன். ஓரத்து ஈரம் நிலையின் ரப்பர் பட்டையோடு ஒட்டிக்கொண்டது. கைப்பிடியை முன்பே கழற்றியிருந்ததால் அவளுக்கு இழுக்கப் பிடியில்லை.

"ஏங்க, தின்னர் நெடி, மூச்சு முட்டுது, தெறங்க" என்று தட்டினாள்.

உள்பக்கம் திறக்கும் கதவு. தோளால் ஓர் இடி போதும். நானோ பளபளப்பு கெடாமல் இருக்க, பட்டி பூசும் தகட்டை ஓரத்தில் விட்டு மெல்ல நெம்பினேன். தட்டும் சத்தம் குறைந்து, நின்றே போனது. அப்போதும் தோள் முன்னே போகவில்லை.

கன்னடக்கார வாட்ச்மேன் ஓடிவந்தார். "யோவ் மேஸ்திரி, கதவப் பாக்கறியா, சம்சாரத்தப் பாக்கறியா?" என்று மோதித் திறந்தார்.

தரையில் கிடந்தவளை வெளியே தூக்கிவந்தோம். வெகு நேரம் கழித்துக் கண் திறந்தாள்.

"தட்டனது கேக்கலைங்களா?"

"இல்ல" என்றேன்.

ஊரெல்லாம் என் வேலையைப் பற்றிப் பெருமை பேசுகிறேன். அவளிடம் உண்மையைச் சொல்ல மட்டும் இன்றும் பயமாக இருக்கிறது.