ஏலத்தில் எடுத்த ஹாரன்

என் காரில் கம்பெனி வைத்துக் கொடுத்த ஹாரன் தும்மல் மாதிரிதான் கேட்கும். நாகர்கோவிலிலிருந்து திற்பரப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்துக்குத் தினமும் போய்வருகிறவன் நான். குலசேகரம் தாண்டிவிட்டால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைவுக்கு மேல் வளைவு. திற்பரப்பு அருவியில் குளிக்க வருகிற வெளியூர்க்காரர்கள் அந்த ரோடு தங்களுக்கு மட்டும் போட்டது என்ற நினைப்பில் திரும்புவார்கள். போன மழைக்காலத்தில் ஒரு வேன் என் பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு சாண் தள்ளி வந்திருந்தால் என்னையும் கொண்டுபோயிருக்கும். அன்றைக்கு வந்த ஆசைதான் ஏர் ஹாரன். சட்டப்படி அது கூடாது, போலீஸ் பார்த்தால் கழற்றச் சொல்வார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். உயிர்ப் பயம் வந்தவனிடம் சட்டம் பேசாதீர்கள்.

ஹாரனை நான் கடையில் வாங்கவில்லை, கோயிலில் எடுத்தேன். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஆளுக்கொரு காணிக்கை கொண்டு வைப்போம். ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் அதையெல்லாம் ஏலம் போடுவார்கள். சேவல், வாழைக்குலை, சக்கைப்பழம் என்று இருந்த இடத்தில் இப்போது கம்பளி, சென்ட், பிளாஸ்க் என்று வளைகுடாச் சாமான்களும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அந்த வருஷம் என் நண்பன் ஓர் ஏர் ஹாரனை அட்டைப்பெட்டியோடு கொண்டு வைத்திருந்தான்.

அவனும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. வளைகுடாவில் பல வருஷம் வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டுத் திரும்பியவன். என் வீட்டுத் தண்ணீர் மோட்டாரிலிருந்து மிக்ஸி வரைக்கும் அவன் கை படாத சாமான் கிடையாது.

எங்கள் ஏலத்தில் யாரும் எழுதி வைக்காத ஒரு முறை உண்டு. வேண்டியவன் வைத்த காணிக்கையை அடிமாட்டு விலைக்குப் போக விடக்கூடாது. போனால் அது அவனுக்குக் குறைச்சல். என் வீட்டுச் சேவலுக்கு அவன் விலை ஏற்றுவான், அவன் வீட்டுக் குலைக்கு நான் ஏற்றுவேன். அன்றைக்கு ஹாரனைக் கேட்க ஆளில்லை. பெட்டியைத் தூக்கிக் காட்டிக் காட்டி ஏலம் கூப்பிட்டவருக்குக் கை வலித்ததுதான் மிச்சம். எனக்குப் பொறுக்கவில்லை. கை தூக்கினேன். பின்னால் யாரோ ஏற்றினார். நான் அதற்கு மேல் ஏற்றினேன். தேவை மட்டும் என்றால் பாதியிலேயே விட்டிருப்பேன். அவன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். கூச்சப்படுகிறான் என்று நினைத்தேன்.

எடுத்த சாமானைத் திரும்பவும் கோயிலுக்கே விட்டுக்கொடுத்து இரண்டாம் முறை ஏலம் போடச் சொல்கிற வழக்கமும் எங்களிடம் உண்டு. பெட்டி என் கைக்கு வந்ததும் அவன் பக்கத்தில் வந்து, "திருப்பி விட்ரு மக்கா, ஒனக்கு என்னத்துக்கு இது?" என்றான். தன் காணிக்கையைத் தானே பெரிதாகப் பேசக்கூடாது என்று அடக்கமாகச் சொல்கிறான் என்று அதற்கும் நானே ஒரு அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

"போலே, எனக்கு வேணும். நீதான் மாட்டித் தரணும்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டினான். முன்பக்கம் இரண்டு சிவப்புக் குழல், அதற்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரஸர், நடுவில் அதற்குக் கரண்டை விட்டு நிறுத்துகிற ஒரு ரிலே. நான் பொத்தானை அமுக்கினேன். ஆட்டுக்குட்டி மாதிரி அரைக் குரல் கொடுத்துவிட்டு ஹாரன் அடங்கியது. ஃபியூஸ் எரிந்திருந்தது. "ஃபியூஸ் சின்னது மக்கா" என்று பெரிய ஃபியூஸ் போட்டான். அந்த அரைக் குரலும் வரவில்லை. ஃபியூஸ் மட்டும் மறுபடி எரிந்தது.

இரண்டாம் ஞாயிறு ரிலேயை மாற்றினான். மூன்றாம் ஞாயிறு எர்த் சரியில்லை என்று பாடியில் பெயிண்டைச் சுரண்டி வயரை வேறு இடத்தில் முறுக்கினான். நான்காம் ஞாயிறு டேஷ்போர்டைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு உள்ளே வயரைத் தேடினான். என் கார் மாப்பிள்ளை வீட்டார் வரப்போகும் அடுக்களை மாதிரிக் கலைந்து கிடந்தது. ஐந்தாம் ஞாயிறு ஸ்டீயரிங் பொத்தான்மேல் சந்தேகம். வாரம் தவறாமல் ஃபியூஸ் எரிந்தது, வாரம் தவறாமல் என் வீட்டுக்காரி புட்டும் பயறும் வைத்தாள், வாரம் தவறாமல் அவன் கை கழுவிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். ஆறாம் ஞாயிறு நானே, "கம்ப்ரஸரைக் கழற்றிப் பாத்தா என்னலே?" என்று கேட்டேன்.

"அது புதுசு மக்கா, கம்பெனி சீல். அதுல ஒரு கேடும் இருக்காது, தொடாத" என்றான். தொடவில்லை. வண்டி விஷயத்தில் அவன் சொன்னால் எனக்கு வேதவாக்கு.

அதற்கடுத்த சனிக்கிழமை அவன் ஒரு கல்யாணத்துக்கு மார்த்தாண்டம் போயிருந்தான். நான் சும்மா இருக்க மாட்டாமல் போனில் ஒரு வீடியோவைப் போட்டேன். ஏர் ஹாரன் அடிக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பையன் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொன்ன முதல் காரியமே கம்ப்ரஸரைத் தனியாகக் கழற்றி நேராக பேட்டரியில் கொடுத்துப் பார் என்பதுதான். ஒர்க்‌ஷாப்பில் வயதைத் தொலைத்தவனுக்கு ஆறு வாரமாக இது தோன்றவில்லையா என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கம்ப்ரஸர் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். ரிலே 'டிக்' என்றது, ஃபியூஸ் எரியவில்லை. அப்படியானால் வயரிங்கில் ஒன்றுமில்லை. கம்ப்ரஸரை நேராக பேட்டரியில் கொடுத்தேன். தீப்பொறி பறந்தது, மேல்பாகம் சுட்டது, உள்ளே எதுவும் சுற்றவில்லை. நான்கு திருகாணிகளைக் கழற்றினேன். நான்கின் தலையிலும் ஏற்கெனவே யாரோ திருகிய காயம் இருந்தது. உள்ளே தண்ணீர் புகுந்து துருவேறி, மோட்டார் கட்டியாகப் பிடித்துக் கிடந்தது. அந்தத் துருவுக்கு நடுவில் ஒரு வயர் ஒட்டு. டேப் சுற்றி, டேப் அவிழாமலிருக்க அதன்மேல் வெள்ளை நூல் சுற்றி, இரட்டை முடிச்சு.

அந்த முடிச்சு என் வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் இருக்கிறது. மிக்ஸியில் இருக்கிறது. இந்த ஊரில் டேப்புக்கு மேல் நூல் சுற்றுகிறவன் ஒருத்தன்தான்.

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓட்டை ஹாரனைக் கோயிலில் வைத்தது கூடப் பெரிதில்லை. கெட்டது எது என்று தெரிந்துகொண்டே, கெடாததையெல்லாம் ஆறு வாரம் என் கண் முன்னால் கழற்றி மாட்டியிருக்கிறான். நான் அவனுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கருவிப் பையோடு வந்தான். கம்ப்ரஸரைத் திறந்தபடியே பானெட் மேல் வைத்திருந்தேன். பார்த்தான். பையைக் கீழே வைக்கவில்லை.

"ஒனக்கு முன்னாலயே தெரியுமாலே?"

"நீ ஏலத்துக்கு நிப்பேன்னு நான் கண்டேனா? கோயில்ல எடுத்த சாமான யாரும் கொற சொல்லமாட்டாவ, பேசாம மூலையில போட்டுருவாவன்னு நெனச்சேன். நீ வந்து ஏத்துக, ஏத்துக... நான் திருப்பி விடுன்னு சொன்னேன்லா?"

"சொன்ன. இந்த ஆறு வாரம் ஏன் சொல்லல?"

"நாலு நாள் பாத்துட்டு நீ விட்ருவேன்னு நெனச்சேன். நீ விடல. அதுக்குப் பெறவு எப்பிடிச் சொல்ல?"

அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். தப்புப் பண்ணிட்டேன் மக்கா என்று சொல்லியிருந்தால் போதும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிஷமே அவனை உள்ளே கூப்பிட்டுப் புட்டு போட்டிருப்பேன். அவன் தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கோயில்ல யாருட்டயும் சொல்லிருவியா?" என்று கேட்டான்.

அவனுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். "மாட்டேன்" என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அதன்பிறகு அவன் என் வீட்டுக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஆனால் அந்த ஏலத்தில் நான் ஏற்றிய ஏற்று சபையில் பலருக்கு ஞாபகம் இருக்கிறது. போன வாரம் கோயில் வாசலில் கமிட்டிக்காரர் ஒருவர், "ஹாரன் சரியாச்சா?" என்று கேட்டார். அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

"ஆச்சு. ரிலேதான் போயிருந்து" என்றேன்.

"ஆமா, ரிலேதான்" என்றான் அவனும், என் முகத்தைப் பார்த்தே.