காந்தம் ஒட்டிய மலையில் வழி தப்பினேன்

சென்ற வருடம் ஐப்பசி மாதம். எனக்குத் திருச்செங்கோடு; ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் இருபது வருடமாக டிரில்லர் வேலை. மழைக்காலத்தில் போர் போடும் வேலை இருக்காது என்பதால் வண்டியோடு ஊருக்கு வந்திருந்தேன். கல்லூரியில் நிலவியல் முடித்திருந்த என் மகள், அதிலேயே மேலே படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. குழியிலிருந்து வரும் தூளைக் கையில் அள்ளினாலே கீழே என்ன பாறை என்று சொல்லிவிடுவேன், இதற்கெல்லாம் ஒரு படிப்பா என்ற மண்டைக்கனம் எனக்கு.

"ஒரே ஒரு நாள் எங்கூட கஞ்சமலைக்கு வாங்கப்பா. அப்புறமும் வேண்டாம்னா உட்டுடறேனுங்க" என்றாள்.

சேலம் போகும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து பார்த்த மலைதான். ஏறியதில்லை. கோயில் இருக்கும் வடக்குப் பக்கமாக ஏறினோம். கொஞ்ச தூரத்தில் பாதை மறைந்து முள்ளும் புதருமாக ஆகிவிட்டது. அதைத் தாண்டினால், பாறை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாகக் கோடுகள்!

"கறுப்பெல்லாம் இரும்புங்கப்பா. இருநூத்தம்பது கோடி வருசத்துக்கும் மேல ஆச்சு."

நான் நம்பவில்லை. போர்க்குழிக்குள் விழுந்த இரும்பை எடுக்க வைத்திருக்கும் காந்தம் பையில் இருந்தது. பாறையில் வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்த கல்லிலெல்லாம் ஒட்டிப் பார்த்துக்கொண்டே எங்கெங்கோ போய்விட்டேன். மகள் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

திடீரென்று மேகம் இறங்கி மூடிக்கொண்டது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அப்போதும் வீம்பு போகவில்லை. செல்போனில் திசைகாட்டும் முள்ளைப் பார்த்து, "வடக்கு இப்படித்தான் சாமி, வா" என்று, தேடி வந்து சேர்ந்திருந்த மகளிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென நடந்தேன்.

"நில்லுங்கப்பா!"

சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். என் காலடியிலிருந்து உருண்ட கல், கீழே எங்கோ விழுந்த சத்தம் வரவே நேரமாயிற்று.

"இத்தன இரும்பு மேல நின்னுட்டு அந்த முள்ள நம்பலாமுங்களா?"

காலையிலிருந்து காந்தத்தோடு விளையாடியவனுக்கு அது உறைக்கவே இல்லை பாருங்கள்!

அவள் மண்டியிட்டு, பாறையின் வரிகளைக் கையால் தடவினாள். "நாம ஏறுன பக்கம் வரியெல்லாம் மலைக்குள்ளாற சாஞ்சிருந்துச்சு. ஏறும்போதே பாத்துட்டு வந்தேனுங்க. இந்தச் சாய்வுக்கு எதுத்தாப்புல போனா எறங்கிடலாம்."

ஒவ்வொரு பாறையாகத் தடவிக்கொண்டு அவள் முன்னே போக, அவள் பையின் வாரைப் பிடித்தபடி நான் பின்னால் போனேன். ஒரு மணி நேரம் கழித்து அடிவாரத்துக் கோயில் மணி கேட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

பஸ் ஏறியதும் படிப்புப் பேச்சை நானேதான் எடுத்தேன்: "எந்தக் காலேஜு சாமி?"

இப்போதும் புது ஊரில் குழி போடும்போது தூளை அள்ளியதும் கீழே இன்ன பாறைதான் என்று சொல்ல வாயெடுப்பேன். உடனே அந்த மலை நினைவுக்கு வந்துவிடும். இருபது வருடமாக நான் அறிந்தது கல்லின் தூளை மட்டும்தான், கல்லை எனக்குக் காட்டியவள் என் மகள்.