மீனுக்கு டிரிப் போட்ட டாக்டர்

குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் இரும்பு ஸ்டாண்டு அது. வெள்ளைப் பெயிண்ட் அங்கங்கே உரிந்திருக்கும், தள்ளினால் ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிடும். கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் நான் வேலை பார்த்த கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சுக்கு எதிரே சில நாட்கள் அது நின்றது. அதில் தொங்கிய குழாயின் முனை யாருடைய கையிலும் ஏறியிருக்கவில்லை. தரையில் வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. டப்புக்குள் ஒரு மீன் இருந்தது.

காலத்தைச் சரியாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தீபாவளி முடிந்து, தெருவில் வெடித்த காகிதம் மழையில் ஊறிக் கிடந்த நாட்கள். கார்த்திகை இன்னும் பிறக்கவில்லை. செல்போன் என்ற சொல்லைச் செய்தித்தாளில் மட்டும் படித்திருந்தோம். கிளினிக்குக்கு ஒரே ஒரு போன். அது என் மேஜையில் இருந்தது. டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, மருந்துச் சீட்டில் டாக்டரின் கையெழுத்து புரியாதவர்களுக்குப் படித்துச் சொல்வது ஆகியவை என் வேலை.

டாக்டர் பெரிய பேச்சுக்காரர். மாத்திரை எழுதுவதில் மட்டும் கஞ்சர். ஊசி கேட்டு வந்தவரைச் சாத்துக்குடி சாப்பிடச் சொல்லி அனுப்புவார். டிரிப் ஏற்றச் சொல்லிக் கேட்பவரிடம், "வாய் நல்லாத்தானே இருக்குது, அதுல குடிங்க" என்பார். அவருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, காத்திருப்பு அறையிலிருந்த நீளமான கண்ணாடித் தொட்டியும் அதில் நான்கைந்து வருடமாக வாழ்ந்த டிஸ்கஸ் மீன்களும். சாப்பாட்டுத் தட்டைச் செங்குத்தாக நிறுத்தியதுபோல வட்டமாக, நீலக் கோடுகளோடு, அவசரமே இல்லாமல் நீந்தும் மீன்கள். இரண்டாவது பெருமை, மலையிலிருந்து ஊர்க் குழாய்க்கு வரும் சிறுவாணித் தண்ணீர். அந்த மீன்கள் தன்னிடம் இவ்வளவு செழிப்பாக இருப்பதற்குச் சிறுவாணிதான் காரணம் என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். அது உண்மையும்கூட. டிஸ்கஸுக்கு உப்பில்லாத மென்மையான தண்ணீர் பிடிக்கும்.

பொள்ளாச்சிக்குக் கிழக்கே, மழை குறைந்த பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவர் டாக்டரிடம் வைத்தியத்துக்கு வருவார். தோப்புக்காரர் என்றே அவரைக் குறிப்பிடுவோம். மெட்ராஸில் ஏதோ கண்காட்சியில் பார்த்து மயங்கி, அவரும் வீட்டில் டிஸ்கஸ் வளர்த்துவந்தார். வைத்தியம் பேசும் நேரத்தைவிட இருவரும் மீன் பேசும் நேரம்தான் அதிகம். கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் குடிப்பதற்குத் தன் தோப்பின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து போர்த் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவருவார். "உங்க சிறுவாணியில என்னங்க இருக்குது? மழைத்தண்ணியக் குடிச்ச மாதிரி சப்புன்னு இருக்குது" என்று டாக்டரைச் சீண்டுவார். ஊரில் வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் டாக்டர் அவருக்கு அன்று டோக்கன் கொடுக்க விட்டிருக்க மாட்டார்.

தோப்புக்காரருக்குக் குடலிறக்கம். அடிவயிற்றில் தேங்காய்க் குரும்பை அளவுக்கு வீங்கி, அழுத்தினால் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் குடல் சிக்கிக்கொண்டு உள்ளே போகாமல் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து, அதற்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று டாக்டர் பல மாதமாகச் சொல்லிவந்தார். அவரோ தோப்பை விட்டு வெளியூரில் ஓர் இரவு தங்கியதில்லை. "ஊரு மாறுனா எனக்கு ஒத்துக்காதுங்க" என்பதே ஒவ்வொரு முறையும் பதில்.

தீபாவளிக்குப் பிறகு வந்தபோது மூடி போட்ட வாளி ஒன்றை மடியில் வைத்துப் பொள்ளாச்சி பஸ்ஸிலேயே கொண்டுவந்திருந்தார். உள்ளே சிவப்பு டிஸ்கஸ். அவருடைய தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தது, அவரிடம் இருந்ததிலேயே அழகானது. டாக்டரின் மேஜைமேல் வாளியை வைத்துவிட்டுச் சொன்னார்:

"இவனும் என்னையாட்டத்தானுங்க. ஊரத் தாண்டுனதில்ல. மொதல்ல இவன் உங்கூர்ல பொழைக்கட்டும். நல்லாத் திங்கறான்னு நீங்க சொன்னீங்கன்னா, நானு ஆஸ்பத்திரிக்கு வாரனுங்க."

"விளையாடறீங்களா?"

"இல்லீங்க. நெசமாத்தான் சொல்றேன்."

டாக்டர் உற்சாகமாகிவிட்டார். இதைவிடச் சுலபமான பந்தயம் உண்டா? மீனை வாளித் தண்ணீரோடு ஒரு பாலிதீன் பையில் மாற்றி, சூடு சமமாகட்டும் என்று தொட்டியில் மிதக்கவிட்டார். பிறகு பையைத் திறந்து மீனைத் தொட்டிக்குள் விட்டார். மிச்சமிருந்த வாளித் தண்ணீரை வாசலில் இருந்த செம்பருத்திக்கு ஊற்றச் சொன்னார். சிறுவாணித் தண்ணீரால் ஒரு விருந்தாளிக்குக் கெடுதல் வரும் என்று கோயமுத்தூரில் யாருக்குத்தான் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை அந்தச் சிவப்பு மீன் கரிக்கட்டை நிறத்தில் இருந்தது. தொட்டியின் மூலையில், துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, லேசாகச் சாய்ந்து, வேகவேகமாக மூச்சு வாங்கியது. போதாததற்குத் தொட்டியிலேயே பெரிய மீன், நாங்கள் சேர்மன் என்று கூப்பிடுவது, போகும்போதும் வரும்போதும் அதை ஓர் இடி இடித்துவிட்டுப் போனது. புழு போட்டோம். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் போன் அடித்தது. பொள்ளாச்சியிலிருந்து தோப்புக்காரர்.

"தின்னானுங்களா?"

டாக்டர் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒரு பொய் சொன்னால் போதும், அவர் ஆபரேஷனுக்கு வந்துவிடுவார். ஆனால் டாக்டர் அப்படிப்பட்டவர் அல்ல. "இன்னும் இல்லீங்க" என்றார்.

"செரிங்க. அவசரமில்லீங்க" என்று போனை வைத்துவிட்டார் அவர். அந்தக் குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்ததாக எனக்குப் பட்டது. அன்று டாக்டர் ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவே எழுந்து வந்து தொட்டியைப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு மீன் செத்தால் ஒரு மனிதர் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார், தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த நாள் ஒரு கல்லூரி மாணவியின் காய்ச்சலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து வெளியே வந்தார். "தோப்புக்காரரு எப்பவும் என்ன தண்ணி குடிப்பாரு?" என்று என்னைக் கேட்டார்.

"அவரோட போர்த் தண்ணிங்க சார். பாட்டில்ல."

"அவரு மீனு?"

நான் பதில் சொல்வதற்குள் பின்பக்கம் போய்விட்டார். பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் வைத்திருந்த போர்க்குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தார். "பொறந்ததுல இருந்து கனத்த தண்ணியில வளந்தவன, ஒரே நிமிஷத்துல மழைத்தண்ணியில தள்ளியுட்டுட்டேன். தண்ணி நல்ல தண்ணிதான். அவனுக்குப் பழக்கமில்லையே" என்றார்.

அதன் பிறகுதான் ஸ்டாண்டு வந்தது. ஒரு பெரிய டப்பில் போர்த் தண்ணீரை நிரப்பி, உபரியாக இருந்த ஹீட்டரால் சூடாக்கி, காற்றுக்குழாய் போட்டு மீனை அதற்கு மாற்றினோம். காலி குளுக்கோஸ் பாட்டிலைக் கழுவி, அடிப்பாகத்தை வெட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டு, அதில் தொட்டித் தண்ணீரை நிரப்பினோம். டிரிப் குழாயின் உருளையைத் திருகி, டாக்டரே சொட்டின் வேகத்தை வைத்தார். டப்பிலிருந்து அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை எடுத்துக் கொட்டுவது, பாட்டிலை மறுபடி நிரப்புவது இரண்டும் என் பொறுப்பு. இப்படி நாளடைவில் போர்த் தண்ணீர் குறைந்து சிறுவாணி கூடும். மீனுக்கே தெரியாமல் ஊர் மாறிவிடும். இன்றைக்கு மீன் வளர்ப்பவர்கள் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள், அதற்கென்றே குழாய்கள் விற்கின்றன. அன்று எங்களுக்கு அது பெரிய கண்டுபிடிப்பு.

நோயாளிகள் இதை எளிதில் எடுத்துக்கொள்ளவில்லை. வாரம் தவறாமல் வரும் ஒரு பெரியம்மா ஸ்டாண்டையும் டப்பையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு நேராக உள்ளே போனார்.

"ஏனுங்க டாக்டரு, ஒடம்பு அசதியா இருக்குது, ஒரே ஒரு பாட்டிலு ஏத்துங்கன்னு எத்தன நாளாக் கேக்கறேன்? மோரக் குடிங்கன்னு தொரத்தி உடறீங்க. மீனுக்கு மட்டும் ஏத்தறீங்களே?"

"அது சொன்ன பேச்சக் கேக்குதுங்க அம்மணி. போட்ட எடத்துல சும்மா கெடக்குது."

"நானும் கெடக்கறனுங்க. எனக்கும் ஒரு டப்பு வாங்கி வையுங்க."

பெஞ்சு முழுவதும் சிரித்தது. அதற்குள் மீனின் கருமை வெளுத்து, முதுகில் செம்மண் நிறம் திரும்பியிருந்தது. துடுப்பு விரிந்தது. ஆனால் சாப்பிடவில்லை. போன் மட்டும் தினமும் சாயங்காலம் அடித்தது. "தின்னானுங்களா?" "இல்லீங்க."

தண்ணீர் முழுவதும் மாறிய பிறகு சேர்மன் பாக்கி இருந்தார். டாக்டர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டார். மரக்கட்டைகளையெல்லாம் இடம் மாற்றினார், செடிகளைப் பிடுங்கி வேறு பக்கம் நட்டார். "பழைய ஆளுக்கு இது என்னோட எடம்ங்கற நெனப்பு இருக்கற வரைக்கும் புது ஆளு மூலையிலதான் நிக்கோணும். இப்ப எல்லாத்துக்குமே புது ஊடு" என்றார். பிறகு தொட்டி விளக்கை அணைத்து, இருட்டில் புது மீனை மெல்ல உள்ளே விட்டார். காலையில் பார்த்தபோது சேர்மன், தன் கட்டையைக் காணாமல் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். யாரையும் இடிக்க அவருக்கு நேரமில்லை.

அன்று தோப்புக்காரர் போன் செய்யவில்லை. நேரிலேயே வந்துவிட்டார். உள்ளே நுழைந்தவர் நேராகப் போய்த் தொட்டிக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டர் ஒரு நோயாளியை உள்ளே காக்க வைத்துவிட்டு வந்து, சிவப்புப் புழுவைக் கொஞ்சமாகத் தூவினார். பழைய மீன்கள் பாய்ந்தன. புதியது பின்னால் நின்று பார்த்தது. ஒரு புழு தப்பி அதன் பக்கமாக மிதந்து வந்தது. அது வாயைக் குவித்து இழுத்தது, துப்பியது, மறுபடி இழுத்து விழுங்கியது. பிறகு முன்னால் வந்து, சேர்மனுக்குப் பக்கத்திலேயே நின்று தின்னத் தொடங்கியது.

தோப்புக்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் இன்னொரு சிட்டிகை புழுவைத் தூவினார்.

"எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று கேட்டார் தோப்புக்காரர்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் பிரித்த கையோடு, மகன் தாங்கிப் பிடிக்க, கிளினிக்குக்கு வந்தார். மீன் அதற்குள் தக்காளிபோல் சிவந்து, தொட்டியின் நடுவில் ராஜாவாக நீந்திக்கொண்டிருந்தது. டாக்டர், "உங்க சொத்த நீங்க எடுத்துக்கங்க. வாளிகூடக் கழுவி வெச்சிருக்கறேன்" என்றார்.

அவர் கையை உயர்த்தி மறுத்தார். "வேண்டாமுங்க. அவன் பழகிப்போட்டான், இங்கயே இருக்கட்டும்." பிறகு மகனின் தோளைத் தட்டி, வாசல் பக்கம் திரும்பினார். "நட கண்ணு, கடைசி பஸ்ஸு போறதுக்குள்ள ஊடு போய்ச் சேரோணும். நமக்கு இந்த ஊரு ஒத்துக்காது."