ஐம்பதில் ஓடிய பாய்லர்

பாலேந்திரா அண்ணை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மனைவியின் கதிரைக்குப் பக்கத்தில் தொங்கும் வெப்பமானியை வாசிக்கிறார். கொப்பியில் எழுதுகிறார்.

"இருபது. உமக்குக் குளிருதே, மலர்?"

"இல்லை, இந்தச் சூடு எனக்குக் காணும்" என்கிறார் சிவமலர் அக்கா, போர்வைக்குள் இருந்தபடி. காலை, பின்னேரம், படுக்கப் போகுமுன் என்று மூன்று வேளையும் இதே கேள்வி, இதே பதில்.

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எனக்கு அடுத்த வீடு அவர்களுடையது. அண்ணை இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாருடைய காரில் ஏறினாலும் பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் திருத்துவார்.

வீட்டைச் சூடாக்கும் அவர் பாய்லருக்குப் பதினெட்டு வயது. இன்னொரு குளிர்காலம் தாங்காது, வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தரும் ஹீட் பம்புக்கு மாறுங்கோ என்று, அதைப் பொருத்துகிற றூபன் சொல்லிவிட்டார். ஆனால் ஹீட் பம்ப், ரேடியேட்டருக்குள் ஓடும் தண்ணீரை அவ்வளவு கொதிக்க வைக்காது. ஐம்பது டிகிரியில் ரேடியேட்டர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அந்த வெதுவெதுப்பு வீட்டுக்குக் காணுமா என்று அறிய ஒரு வழி உண்டு: பழைய பாய்லரையே ஐம்பதில் ஓட்டிப் பார்ப்பது.

"ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது, தம்பி. பொயிலரைக் கழட்டி எறிஞ்சாப் பிறகு அழுது என்ன?"

அவர் பயம் வீணானதல்ல. மூன்று வருடத்துக்கு முன் அக்காவுக்குப் பாரிசவாதம். இடது கால் சூடும் அறியாது, குளிரும் அறியாது. போன தையில் அறை குளிர்ந்து, நியூமோனியா வந்து, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பன்னிரண்டு நாளும் இந்த மனிதர் சோறு தின்றதை நான் காணவில்லை.

பாய்லரை ஐம்பதுக்கு இறக்கிய முதல் மூன்று நாளும் கொப்பியில் பதினேழு. பிறகு இருபதுக்கு ஏறியது. "வீடு பழகுது" என்றார், ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல. வெளியே புல்லெல்லாம் உறைபனி; உள்ளே இருபது! நாளைக்குக் கையெழுத்து என்று றூபனுக்கும் சொல்லியாயிற்று.

அந்தச் சந்தோசத்தில்தான் அன்று என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய் பாய்லர் அலுமாரியைத் திறந்து காட்டினார்.

பாய்லரின் சின்னத் திரையில் எழுபது என்று எரிந்துகொண்டிருந்தது.

கடவுளே, அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. அக்கா தடியை ஊன்றிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார்.

"நான்தான் கூட்டினனான். சனிக்கிழமை நீங்கள் கடைக்குப் போன நேரம். டூட்டிங்கில இருந்து அஜந்தாவையள் குடும்பமா வருகினம் எண்டு போன் வந்தது. வந்த சனத்தைக் குளிரில இருத்துறதே? பிறகு குறைக்க மறந்துபோனன்."

எங்கள் வீடுகளில் இது தேத்தண்ணிக்கும் முந்திய மரியாதை. வீட்டுக்காரர் கம்பளிக்குள் கிடப்பார்கள். வாசல் மணி அடித்தால் ஹீட்டிங் உச்சத்துக்கு ஏறும்.

"சரி, மலர். அதுக்கு முதல் மூண்டு நாளும் குளிரேல்லை எண்டீரே?"

அக்கா சுவரைப் பார்த்தார். "குளிர்ந்ததுதான். நீங்கள் எவ்வளவு ஆசையா எழுதிக்கொண்டிருந்தியள். சொல்ல மனம் வரேல்லை."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போனை எடுத்தார்.

"றூபன், நாளைக்குக் கையெழுத்து இல்லை. இவவின்ர அறைக்குப் பெரிய ரேடியேட்டர் போட ஏலுமோ எண்டு முதல் வந்து பாரும். திரும்ப ஐம்பதில ஓட்டிப் பாத்துத்தான் மிச்சக் கதை."

பிறகு அக்காவைக் கதிரையில் இருத்தினார். கொப்பியின் பழைய பக்கங்களைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். வெப்பமானிப் பக்கம் திரும்பவேயில்லை. முன்னால் முழங்காலிட்டு அக்காவின் இடது காலுறையைக் கழற்றி, பாதம் குளிர்ந்திருக்கிறதா என்று அறிய அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். அதை விடாமலே மற்றக் கையால் கொப்பியில் புதிதாக ஒரு கோடு கிழித்து, மேலே எழுதினார்: மலரின் கால்.