வருகைப் பதிவில் இல்லாத பிள்ளை

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜூன் மாதம் வந்தாலே எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். பள்ளி திறந்த ஆறாவது நாள் கல்வி அதிகாரி வந்து வகுப்பு வகுப்பாகத் தலை எண்ணுவார். ஒன்றாம் வகுப்புத் தமிழ் டிவிஷனில் இருபத்தைந்து தலை இல்லையென்றால் டிவிஷன் போகும். டிவிஷன் போனால் கடைசியாகச் சேர்ந்த டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டும். அந்தக் கடைசி டீச்சர் நான்தான். அப்பா இல்லாத வீடு. அம்மாவும் இரண்டு தம்பிகளும் என் வேலையை நம்பித்தான் உலை வைத்தார்கள்.

மலையாளச் சீமையில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு சந்து. சுமைதூக்குகிறவர்கள், ஹோட்டல் வேலைக்காரர்கள், கொத்தனார்கள் என்று முழுக்க நம் தமிழ் ஆட்கள். வீட்டில் தமிழில் சண்டை போடுவார்கள், பிள்ளைகளை மட்டும் மலையாளம் டிவிஷனில் சேர்ப்பார்கள். குறை சொல்ல முடியுமா? நாளைக்கு வேலைக்கு மனு எழுத அதுதானே வேண்டும். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

மே மாதக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் சந்துக்காரர்களை எல்லாம் பள்ளி மைதானத்துக்கு அழைத்தேன். பெஞ்சு போட்டு, சாயா வரவழைத்து, "உங்கள் சந்தின் கதையை நீங்களே சொல்லுங்கள், யார் முதலில் வந்தது, எப்படி வந்தது" என்றேன். முதலில் எல்லாரும் வெட்கப்பட்டார்கள். பிறகு வாயை மூட முடியவில்லை. ஆரல்வாய்மொழி தாண்டிப் புளி லாரியின் மேல் படுத்து வந்ததை ஒருவர் சொன்னார். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மூன்று நாள் பாஷை புரியாமல் பட்டினி கிடந்ததை இன்னொருவர் சொன்னார். சிரிப்பும் கண்ணீருமாக இருந்தது. ஒன்பது பேர் பிள்ளையைத் தமிழில் சேர்ப்பதாக அங்கேயே வாக்குக் கொடுத்தார்கள். நான் மிதந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

கடைசியாகச் சந்து முனையில் வடை சுட்டு விற்கிற பெண் எழுந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நாம் உட்கார்ந்திருக்கிற இடம் முன்னே குளம், பிறகுதான் மண்ணடித்து மூடினார்கள் என்றாள். அவளுக்கு ஓர் அக்கா இருந்தாளாம். எட்டு வயது. கைப்பிள்ளையாக இருந்த இவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அக்காவைப் பள்ளியில் சேர்க்கவில்லை. அவள் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்றாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்பாளாம், டீச்சர் விரட்டினால் போய்விட்டுத் திரும்ப வருவாளாம். ஒருநாள் தங்கையைக் கரையில் உட்கார வைத்துவிட்டுக் கால் கழுவ இறங்கினாள். கரையில் உட்கார்ந்திருந்த பிள்ளை மட்டும் சாயங்காலம் கிடைத்தது.

பெஞ்சில் இருந்தவர்கள் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்கள். மறுநாள் ஒன்பது பேரும் பின்வாங்கினார்கள். பிள்ளை செத்த இடத்தில் பிள்ளையை விடுவதா என்றார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக வடைக்காரியின் வீட்டுக்குப் போய், நன்றாக இருப்பீர்களா, என் சோற்றில் மண்ணள்ளிப் போட்டீர்களே என்று கத்தினேன். அவள் ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளே எட்டு வயதுப் பெண்ணுக்கான புதுப் பாவாடை மடித்து இருந்தது. வயதுக்கு வராமல் இறந்தவளைக் கன்னி என்று வைத்து வருஷத்துக்கு ஒரு பாவாடை படைத்துக் கும்பிடுவது அவர்கள் பக்கத்து வழக்கம்.

"டீச்சரே, பேர் கூப்பிடும்போ அக்கா பேரையும் ஒரு தடவ கூப்பிட்டா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள். "பிறகு அவ உள்ள இருந்து பிள்ளைகளைப் பாத்துக்கிடுவா. நான் சந்துல சொல்லுதேன். எனக்க மகளையும் அனுப்புதேன்."

ஒரு பேர்தானே, வாயிலிருந்து போகிறது என்று சம்மதித்தேன். பள்ளி திறந்த அன்று முதல் பேராக அவளைக் கூப்பிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. வராத பிள்ளை என்று மற்ற பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். வடைக்காரி வீடு வீடாகப் போனாள். ஐந்தாவது நாள் இருபத்தைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள்.

ஆறாவது நாள் அதிகாரி வந்தார். பென்சிலால் ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினார். கடைசித் தலை வந்ததும் நிறுத்திப் பதிவேட்டைப் பார்த்தார்.

"இருபத்தாறு. ஒரு குட்டி கூடுதல் உண்டல்லோ டீச்சரே."

மறுபடி எண்ணினார். இருபத்தைந்து. ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்திருக்கும் என்று சிரித்துக் கையெழுத்துப் போட்டார். இல்லை. அவர் எண்ணும்போது நான் பிள்ளைகளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஒன்றுகூட அசையவில்லை.

வேலை தப்பியது. வடைக்காரியின் மகள் வகுப்பில் இருந்தவரை தினமும் அந்தப் பேரைக் கூப்பிட்டேன், அவள் வீட்டில் சொல்லிவிடுவாளே என்று. மழைக்காலம் முடிகிற நேரத்தில் அவளுக்கு அம்மை போட்டு, ஆறியதும் அப்பாவின் ஊரான வள்ளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாளே பேரை நிறுத்தினேன். அதைக் கூப்பிடும்போதெல்லாம் அந்த இருபத்தாறு நினைவுக்கு வந்தது, பயந்தேன். பயம் என்பது பாதி உண்மைதான். இனி அந்த அக்கா எனக்குத் தேவையில்லை என்பது மீதி.

நான்காம் நாள் வடை வாங்கப் போனேன். அவள் எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல், அக்கா பேரைக் கூப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். தினமும் என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

"இல்லையே," என்றாள். "ஜன்னலுக்க வெளியே நிக்கா."

எந்தப் பிள்ளை சொன்னது என்று கேட்டேன்.

"பிள்ளைகள் ஒண்ணும் சொல்லல்ல. நேத்து மத்தியானம் கண்ணசந்தேன், வந்தா. டீச்சர் கூப்பிடாம எப்படி உள்ள போவேன்னு கேக்கா. அவ இடுப்புல நான் இருக்கேன், கைப்பிள்ளையா." வடையை இலையில் வைத்து நீட்டினாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. "உங்களுக்க வேலை உறப்பாயிட்டு, இனி போகாது, அல்லே?"

அந்த வடையை நான் தின்னவில்லை. விரட்டிய அந்தப் பழைய டீச்சரை எத்தனை முறை மனதுக்குள் திட்டியிருப்பேன்! அவளாவது தெரியாமல் செய்தாள். நான் உள்ளே கூப்பிட்டு, தலைக்கணக்குக்கு உட்கார வைத்து, கையெழுத்து ஆனதும் விரட்டினேன்.

மறுநாள் காலை பதிவேட்டைத் திறந்து முதலில் அவள் பேரைக் கூப்பிட்டேன். திரும்பவும் கூப்பிட்டுக் காத்திருந்தேன்.

முன் பெஞ்சில் இருந்த பிள்ளைகள், யாரும் சொல்லாமல், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியானது.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினேன். பின்னால் பிள்ளைகள் சேர்ந்து வாசித்தார்கள். எத்தனை குரல் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.