சனோபர் கேட்ட மூன்று தண்ணீர்

சனோபர் எங்கள் வீட்டுக் கடைசி மருமகள். எங்கள் ஊரான கோகந்தில் பெற்றோர் வீடு கடைசி மகனுக்குத்தான். வீட்டோடு சேர்த்து அப்பாவும், அப்பாவைப் பார்க்க வருகிற ஊரும், ஊர் தின்றுவிட்டு வைக்கிற எச்சில் பாத்திரமும் அவன் பெண்டாட்டி தலையில் விழும். என் தம்பி ஹம்தமைக் கட்டிக்கொண்டு வந்த மறுநாள் காலையில் அவள் முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்தாள். இப்போது அவள் மகள் கல்லூரிக்குப் போகிறாள். போன இலையுதிர் காலம் வரைக்கும் சனோபர் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனார்க்காரி நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். பிறந்த வீட்டுக்கு வருகிற பெண் எங்கள் ஊரில் விருந்தாளி. நான் ஒரு தட்டைத் தொட்டாலே அப்பா முகம் சுளிப்பார். ஹம்தம் ஒருநாள் குழாயடிக்குப் போனான். கழுவிய தட்டு காய்வதற்குள் செய்தி தேநீர்க்கடை வரைக்கும் போய்விட்டது. அப்படிப்பட்ட தெரு எங்களுடையது.

போன இலையுதிர் காலத்தில் சனோபரின் விரல்கள் வெடித்துவிட்டன. ரொட்டியைப் பிய்த்தால் ரொட்டியில் ரத்தம் ஒட்டியது. கையுறை போட்டுப் பார்த்தாள். உள்ளே வியர்த்துப் புண் இன்னும் மோசமானது. "சோப்புத் தண்ணியில இனிமே கையே வைக்கக் கூடாது. வெச்சா விரல் மடங்காமப் போயிடும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஹம்தம் அப்போது பழைய அடுப்படியை இடித்துப் புதுச் சமையலறை கட்டிக்கொண்டிருந்தான். மேடைக்குக் கீழே பாத்திரம் கழுவும் மெஷினுக்கு இடம் விட்டான்.

அப்பாவுக்கு அங்கேதான் இடித்தது. அவர் கணக்கில் சுத்தம் என்றால் மூன்று தண்ணீர். சோப்பு போட்ட பாத்திரத்தை மூன்று முறை புதுத் தண்ணீரில் அலச வேண்டும், அப்போதுதான் தொழுகிறவன் அதில் சாப்பிடலாம்.

"அந்தப் பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு எவன் கண்டான்? அதுல கழுவுனதுல நான் சாப்பிட மாட்டேன். நீங்க சாப்பிடுங்க, நான் தடுக்கல" என்றார்.

தடுக்கவில்லையாம். புலாவை நாங்கள் ஒரே தாம்பாளத்தில் சுற்றி உட்கார்ந்துதான் தின்போம். அப்பா கை வைக்காத தாம்பாளத்தில் வேறு யார் கை வைப்பார்கள்? அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் மெஷினில் உருளைக்கிழங்கு போட்டு வைக்க வேண்டியதுதான். சனோபர் அந்தக் கையோடு மறுபடியும் குழாயடிக்குப் போக வேண்டியதுதான்.

இருந்தாலும் அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனோம். சனோபர் வீட்டுப் பெரிய தாம்பாளத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மெஷினுக்குள் அது நுழைகிறதா என்று பார்க்க வேண்டுமாம். கடைக்காரன் தில்முரோத் நல்ல வாயாடி. நேராக அப்பாவிடம் போனான்.

"பெரியவரே, இது ரொம்பச் சிக்கனம். ஒரே தண்ணியவே சுத்திச் சுத்தி அடிச்சுக் கழுவிடும். ஒரு சொட்டு வீணாகாது."

அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து காருக்குப் போய்விட்டார். அந்தத் தாம்பாளத்தாலேயே தில்முரோத் மண்டையில் ஒன்று போடலாமா என்றிருந்தது எனக்கு. ஹம்தம் தலையைத் தொங்கப்போட்டான். சனோபர் மட்டும் அசையவில்லை.

"தம்பி, வெல, நெறமெல்லாம் அப்புறம். சோப்பு போனதுக்கு அப்புறம் இது எத்தன தண்ணி மாத்தும்?"

"இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லக்கா."

"நான் கேக்கறேன்ல."

அவன் தலையைச் சொறிந்தான். "இது ரெண்டு. அதோ அதுல கூடுதல் அலசல்னு ஒரு பொத்தான் இருக்கு. அத அமுக்குனா மூணு."

"வாயால சொன்னா எங்க மாமா நம்ப மாட்டாரு. காட்டணும்."

அதே மாதிரி மெஷின் ஒன்று கடையின் பின்கட்டில், அவர்கள் டீ போடுகிற இடத்தில் உபயோகத்தில் இருந்தது. சனோபர் அதன் கழிவுக் குழாயைத் தொட்டியிலிருந்து எடுக்கச் சொன்னாள். வாளிகள் கேட்டாள். கடை ஆட்கள் மத்தியானம் புலாவ் தின்று எண்ணெய் பிசுபிசுக்க வைத்திருந்த தட்டுகளை உள்ளே அடுக்கச் சொல்லி, தன் தாம்பாளத்தில் அதே எண்ணெயைப் பூசி நடுவில் நிறுத்தினாள். நுழைந்தது. தில்முரோத் கூடுதல் அலசல் பொத்தானை அமுக்கினான். நான் போய் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"வந்து பாருங்கப்பா. பாக்கறதுக்குக் காசு கேக்க மாட்டான்."

வந்தார். ஒரு முக்காலியில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். மெஷின் முனகியது, பிறகு குழாய் வழியாகத் துப்பியது. பழுப்புத் தண்ணீர், மேலே காரட் துணுக்கு. சனோபர் வாளியை மாற்றினாள். அடுத்தது சோப்பும் நுரையும். மறுபடி வாளி மாற்றம். உள்ளே புதுத் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டதும் அப்பா எழுந்து கதவில் காதை வைத்தார். அதன்பிறகு வந்தது பால் கலந்தது போலிருந்தது. அதற்கடுத்தது மங்கலாக. கடைசி வாளியில் அடி தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்துவிட்டது. வாயாடி தில்முரோத்கூட குனிந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.

அப்பா அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி முகர்ந்தார். "சுப்ஹானல்லாஹ்" என்றார்.

பிறகு வரிசையாக நின்ற வாளிகளை ஒருமுறை பார்த்துக்கொண்டே போனார், திரும்பி வந்தார். மெஷினைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன். சனோபரிடம் திரும்பினார்.

"ஏம்மா, நீயும் இப்படித்தான் மாத்துவியா? ஒவ்வொரு வாட்டியும்?"

"ஆமா மாமா."

"நான் பாக்காதப்பவுமா?"

"நீங்க எப்பவுமே பாத்ததில்லையே மாமா." அவள் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

"பனி பெய்யறப்ப?"

"குழா ஒறைஞ்சிருந்தா சுடுதண்ணி ஊத்தி எளக்கிட்டு அலசுவேன்."

அப்பா அவள் கையைப் பார்த்தார். அந்தக் கையை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். வாளிகளைப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த பிரமிப்பு இன்னும் போகவில்லை; கூடியிருந்தது.

"இதையே எடு" என்றார் ஹம்தமிடம், அவனைத் திரும்பிப் பார்க்காமலே.

தில்முரோத் டீ கொண்டுவந்தான். வழக்கம்போல ஊற்றுவதற்கு சனோபர் கெட்டிலை எடுக்கப் போனாள். அப்பா முந்திக்கொண்டார். பிடியில்லாத டீக்கிண்ணம், பியாலா, ஒன்றில் அடியில் ஒரு வாய் மட்டும் ஊற்றினார். வேண்டாத ஆளுக்குத்தான் நாங்கள் பியாலாவை நிறைத்துக் கொடுப்போம். எவ்வளவு குறைத்து ஊற்றுகிறோமோ அவ்வளவு மரியாதை. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களுக்குக்கூட அவர் அவ்வளவு குறைவாக ஊற்றி நான் பார்த்ததில்லை. இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மருமகளிடம் நீட்டினார்.

அவளால் வாங்க முடியவில்லை. வெடித்த விரலில் சூடு பட்டதும் கை தானாகப் பின்வாங்கியது. "மன்னிச்சுக்குங்க மாமா" என்றாள்.

"இரும்மா, ஆறட்டும்" என்று சொல்லி, அது ஆறும்வரை அவரே பியாலாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.