அம்சாவின் கணுக்காலைப் பார்க்கப் பாகூருக்கு

பாகூர்ப் பக்கம் போகிறவர்கள் ஏரியைப் பார்க்கப் போவார்கள், கோயிலைப் பார்க்கப் போவார்கள். இந்த மாசியில் நான் போனது அக்கா மகள் அம்சாவின் கால்களைப் பார்க்க.

போன மாசியில் அக்காவுக்குக் கணுக்காலில் நரம்புச் சிலந்தி வந்தது. தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளை நூல் மாதிரிப் புழு வெளியே வரும்; நெருப்பாய் எரியும். எரிச்சல் தாளாமல் அக்கா ஊர்க் குளத்தில் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டிருந்தாள். புழு அந்தத் தண்ணீரில் குஞ்சுகளைக் கொட்டிவிடும், குடிக்கிறவர்களுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து வெளியே தலை காட்டும் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டில் எல்லாரும் குடித்தது அந்தக் குளத்துத் தண்ணீர்தான், ஐந்து வயது அம்சா உட்பட. இப்போது வருஷம் திரும்பிவிட்டது.

காலை ஆறரைக்குப் புதுச்சேரியில் கடலூர் மோட்டார் பஸ் ஏறினேன். கிருமாம்பாக்கத்துக்கு மூன்றணா. அரியாங்குப்பம் ஆறு தாண்டும் வரை நல்ல காற்று, தாண்டியபின் நல்ல புழுதி. தலையில் கட்ட ஒரு துண்டு எடுத்துப் போங்கள். பதினான்காவது கிலோமீட்டர் கல்லருகே ஏழரைக்கு இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து பாகூர் நான்கு கிலோமீட்டர், மாட்டு வண்டிக்கு இரண்டணா. மாடு வயதானது, நடந்தே போயிருந்தால் முன்னால் போயிருப்பேன்.

வழியில் கரும்புத் தோட்டத்து ஓரம் ஒரு குழாய்க் கிணறு. இந்தப் பக்கத்தில் துளை போட்டால் போதும், இறைக்காமலே தண்ணீர் பொங்கி வழியும். இறங்கி இரண்டு கை குடித்தேன். வெதுவெதுப்பாக, கொஞ்சம் இரும்பு வாடையோடு இருந்தது.

"இன்னா சாமி, அத்தப் போயி குடிக்கிறீங்க?" என்றார் வண்டிக்காரர்.

"ஏன், பூமிக்கடியிலேர்ந்து வர்ற தண்ணி. புழு பூச்சி கெடையாது."

"கரும்புக்கு ஷோக்கான தண்ணிதான். ஆனா அதுல பருப்பு வேவாதே."

அவர் சொன்னது மெய்தான். குளத்துத் தண்ணீரில் பருப்பு வெண்ணெயாய்க் குழைகிறது. கொதித்த தண்ணீரில் புழு பிழைக்காது, குழம்பால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் சமைக்க எடுத்து வந்த பானையிலேயே செம்பை விட்டுக் குடிக்கவும் செய்கிறார்களே, கெடுதல் அங்கேதான். சாப்பாட்டு ருசிக்காக இத்தனை பாடுபடும் ஜனங்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அந்தக் குழம்பில் வளர்ந்தவன்தானே.

அக்கா வீட்டை அடைந்தபோது மணி ஒன்பது. அம்சா ஓடி வந்தாள். ஓடி வந்ததே பாதி நிம்மதி. உட்காரவைத்து முழங்கால் முதல் பாதம் வரை தடவிப் பார்த்தேன். கொப்புளம் இல்லை, வீக்கம் இல்லை. அவளுக்கோ ஒரே கூச்சம், நெளிந்து நெளிந்து சிரித்தாள்.

"நல்லாப் பாத்தியா?" என்றாள் அக்கா. "தெனம் சாயங்காலம் பாக்குறேன். எங்கையாலயே எம்பொண்ணுக்கு ஊட்டிட்டேனோன்னு ஒரு வருசமா சோறு எறங்கல."

அம்சாவின் கால்களை மறுபடியும் ஒருமுறை தடவிப் பார்த்தேன்.

கொல்லையிலிருந்து மாமா வந்தார், அக்காவின் வீட்டுக்காரர். தாலி கட்டும்போதுகூட வேட்டியை மடித்துக் கட்டியிருந்த மனிதர். இன்று குதிகால் வரை இறக்கிவிட்டு, சேற்றை எல்லாம் வாரிக்கொண்டு வந்தார். சந்தேகம் தட்டியது. தண்ணீர் பிடிக்கக் குழாய்க் கிணற்றுக்குப் போனவரின் பின்னாலேயே போனேன். கேட்டதும் வேட்டியைத் தூக்கிக் காட்டினார். கணுக்காலில் துணிக்கட்டு, அதன் கீழே வெள்ளை நூல்.

"எட்டு நாளாச்சு. கொளத்துப் பக்கமே போவல" என்றார். "உங்கக்காகிட்ட சொல்லிடாதடா. அவ கால்லேர்ந்துதான் வந்துச்சின்னு அழுதே மாஞ்சிடுவா."

வருஷம் முழுக்க நாங்கள் குழந்தையின் காலையே பார்த்திருந்தோம். அவர் காலை ஒருவரும் நினைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மத்தியானம் இலை போட்டதும், நான் வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னாள்: "எட்டு நாளா வேட்டிய எறக்கிக் கட்டிக்கினு திரியிறாரு. எனக்குத் தெரியாதா? அவரா சொல்லட்டும்னு இருந்தேன்." மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அக்கா அழவில்லை. குழாய்த் தண்ணீரில் வேகவைத்த பருப்பு கல்லாய் இருந்தது. அவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: குடிக்கக் குழாய்த் தண்ணீரே நல்லது. குளத்துத் தண்ணீர்தான் கிடைத்தால் நெருக்கமாக நெய்த துணியை நாலாய் மடித்து வடிகட்டுங்கள், முடிந்தால் காய்ச்சிவிடுங்கள். காலில் கொப்புளமோ புண்ணோ இருந்தால், எத்தனை எரிந்தாலும் குளத்தில் இறங்காதீர்கள். வீட்டில் வாளியில் நனைத்து, தண்ணீரைக் குளத்துக்குத் தூரமாக, காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். திரும்பும் பஸ் கிருமாம்பாக்கத்தில் காலை பத்துக்கு.

மறுநாள் நான் கிளம்பும்போது, மாமாவின் கால் அக்காவின் மடியில் இருந்தது. புழுவின் நுனியை ஈர்க்குச்சியில் சுற்றி, ஒரு நாளைக்கு விரற்கடை அளவு இழுப்பார்கள். அறுந்தால் கால் சீழ்பிடித்துவிடும். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"பதமா கூப்புடு. உங்கிட்டேர்ந்து வந்ததுதானே, நீ சொன்னா கேக்கும்."

அக்கா சிரித்துவிட்டாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். குச்சியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் அசையவில்லை.